பதட்டத்துக்கு ஒரு பயிற்சி, சோர்வுக்கு வேற பயிற்சி: மனசுக்கான யோகா தெரபி, வீட்டில செய்யிறதுக்கு முழு வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில யோகா படிப்பிக்கிறதால என்னட்ட அடிக்கடி வர்ற கேள்வி "மனசுக்கு எந்த ஆசனம் நல்லம்?" எண்டுதான். நாலஞ்சு ஆசனத்தின்ட பேர எழுதித் தந்தா காணும் எண்ட மாதிரித்தான் கேப்பினம். ஆனா நெஞ்சு படபடத்து நித்திரை வராம புரளுற ஆளுக்கும், காலமை கட்டில விட்டு எழும்பவே மனமில்லாம கிடக்கிற ஆளுக்கும் ஒரே பயிற்சிய குடுத்தா ரெண்டு பேரில ஒராளுக்கு நிலைமை இன்னும் மோசமாகும். படபடப்பில இருக்கிறவருக்கு உடம்ப ஆறவைக்கிற பயிற்சி வேணும், சோர்ந்து கிடக்கிறவருக்கு உடம்ப எழுப்புற பயிற்சி வேணும்.

பொது யோகா வகுப்புக்கும் யோகா தெரபிக்கும் வித்தியாசம் இதுதான். வகுப்பில எல்லாருக்கும் ஒரே வரிசை, தெரபியில முதல்ல ஆளப் பாக்கிறது, பிறகுதான் பயிற்சி. சென்னையில யோகா படிப்பிச்ச கிருஷ்ணமாச்சார்யா, அவற்ற மகன் தேசிகாச்சார் வழியில வந்தவை இத பிரம்ஹணம், லங்கனம் எண்டு ரெண்டாச் சொல்லுவினம், பிரம்ஹணம் எண்டா சக்திய ஏத்திறது, லங்கனம் எண்டா இறக்கி ஆத்திறது. 1976ல தேசிகாச்சார் தொடங்கின கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் எண்ட நிலையத்தில இண்டைக்கும் ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா இருத்தி வைச்சுக் கதைச்சுத்தான் பயிற்சி குடுக்கினம். இந்த வழிகாட்டியையும் நான் அந்த அடிப்படையிலதான் எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ, முதல் நாளே எல்லாத்தையும் செய்யத் தேவையில்லை.

இது உண்மையா வேலை செய்யுதா?

செய்யுது, ஆனா எவ்வளவு எண்டத சரியா விளங்கிக்கொள்ள வேணும். 2020ல ஜாமா சைக்கியாட்ரி எண்ட மருத்துவ சஞ்சிகையில ஒரு ஆய்வு வந்தது. எந்த நேரமும் தேவையில்லாம யோசிச்சுப் பதட்டப்படுற வருத்தம் உள்ள 226 பேர மூண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு குண்டலினி யோகா, ஒரு குழுவுக்கு சிபிடி எண்ட கவுன்சிலிங் சிகிச்சை, மற்றக் குழுவுக்கு ஸ்ட்ரெஸ் பற்றின வகுப்பு மட்டும் எண்டு 12 கிழமை குடுத்தவை. முடிவில யோகா குழுவில 54 வீதத்துக்கு நல்ல முன்னேற்றம், வெறும் வகுப்பு எடுத்த குழுவில 33 வீதம், சிபிடி குழுவில 71 வீதம். ஆறு மாதம் கழிச்சுப் பாக்கேக்க சிபிடி செய்தவைக்குத்தான் பலன் உறுதியா நிண்டது. எனக்கு இந்த ஆய்வு பிடிச்சதுக்குக் காரணம் இது ரெண்டு பக்கமும் உண்மையச் சொல்லுது, யோகா சும்மா இல்லை, ஆனா கவுன்சிலிங்க விட்டுட்டு யோகா மட்டும் போதும் எண்டுறதும் சரியில்லை.

பொஸ்டன் யூனிவர்சிட்டி ஆக்கள் 2010ல இன்னொண்டு செய்தவை, 12 கிழமை யோகா செய்தவையையும் அதே நேரம் நடைப்பயிற்சி செய்தவையையும் ஒப்பிட்டுப் பாக்க யோகா குழுவுக்குத்தான் மனநிலையும் பதட்டமும் கூடுதலா சீராகியிருந்தது. மூளைய ஆறவைக்கிற காபா எண்ட இரசாயனத்தையும் ஸ்கேன் எடுத்துப் பாத்து, அது கூடினதுக்கும் மனநிலை சீரானதுக்கும் தொடர்பு இருக்கிறதக் கண்டவை. பெங்களூரில இருக்கிற நிம்ஹான்ஸ் எண்ட பெரிய மனநல ஆஸ்பத்திரியில மருந்தோட சேத்து யோகாவையும் குடுக்கினம். அங்க மாதிரி மருந்தோட யோகாவும் சேந்து போறதுதான் சரியான வழி எண்டு நான் நம்புறன்.

படி 1: முதல்ல டொக்டர்

இத ஆக்கள் பாஞ்சு கடந்து போவினம், தயவு செய்து கடக்க வேண்டாம். தைரொயிட் கூடினாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை வராது. தைரொயிட் குறைஞ்சாலும், ரத்தம் குறைஞ்சாலும், பி12 குறைஞ்சாலும் ஆள் சோர்ந்து போய் ஒண்டிலயும் மனமில்லாம இருப்பார். இதையெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில கண்டுபிடிக்கலாம், அத செய்யாம மூண்டு மாதம் பிராணாயாமம் செய்து ஒரு பலனும் இல்லை.

ஏற்கனவே குளிசை எடுக்கிறியள் எண்டா அத நீங்களா நிப்பாட்ட வேண்டாம். மனச்சோர்வுக்கான குளிசைய சடாரெண்டு விட்டா தலைசுத்து, எரிச்சல், நித்திரையின்மை எல்லாம் வரும், பழைய வருத்தமும் திரும்பி வரலாம். குறைக்கிறது கூட்டுறது எல்லாம் டொக்டரோட கதைச்சு ஆறுதலாத்தான். இந்தக் குளிசைகளில சிலது எழும்பி நிக்கேக்க பிரஷரக் குறைக்கும், அதால குனிஞ்சு நிமிர்ற ஆசனங்கள கதிரையப் பிடிச்சுக்கொண்டு மெல்லமாச் செய்யுங்கோ, படுத்திருந்து எழும்பேக்க ஒரு பக்கம் திரும்பி கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்புங்கோ. லித்தியம் எண்ட மனநலக் குளிசை எடுக்கிறவை இன்னும் கவனம், கொழும்புப் புழுக்கத்தில வேர்த்து ஊத்தி உடம்பில தண்ணி குறைஞ்சா ரத்தத்தில லித்தியம் அளவு கூடும், அது ஆபத்து. பிரஷர், கண் அழுத்தம், கழுத்து எலும்பு பிரச்சினை உள்ளவை தலைகீழாச் செய்யிறது ஒண்டையும் தொட வேண்டாம். கர்ப்பமா இருந்தா இந்த வேலைக்குப் பழகின ஆசிரியரோட மட்டும்.

ஆள் ஒருத்தரும் இல்லாத இடத்தில குரல் கேக்குது, ஆரோ தன்னப் பின்தொடர்றினம் எண்டு நினைக்கிறார், நாள்கணக்கா நித்திரை இல்லாமலே சரியான உற்சாகமா ஓடித்திரியிறார், இப்பிடி எண்டா கண்ண மூடி தியானம் செய்ய வைக்கவே வேண்டாம், அது கூட்டிவிடும். செத்தாக் காணும் எண்ட எண்ணம் வருது எண்டா இந்த வழிகாட்டிய இதோட வைச்சிட்டு இப்பவே 1926க்கு எடுங்கோ, அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின்ட இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலயும் கதைக்கலாம். உடனடி ஆபத்து எண்டா 1990 அம்புலன்ஸ். களுபோவில ஆஸ்பத்திரியிலயும் பெரியாஸ்பத்திரியிலயும் மனநல கிளினிக் இருக்கு, காசு இல்லை. "ஆரும் கண்டா என்ன நினைப்பினம்" எண்டு பயந்து போகாம விட்டு வருத்தம் முத்திப்போன ஆக்களப் பாத்துப் பாத்து எனக்கு மனம் நொந்து போச்சு, அதாலதான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்லுறன்.

படி 2: இண்டைக்கு எந்த நிலையில இருக்கிறியள்?

ஒரு கொப்பி எடுங்கோ. பயிற்சிக்கு முன்னம் ஒரு நிமிசம் இருந்து மூண்டு விசயத்தப் பாருங்கோ: மூச்சு எங்க போகுது, நெஞ்சுக்கு மேலயா வயித்திலயா, உடம்பில எது இறுகியிருக்கு, தாடையா தோளா வயிறா, யோசனை ஓடுதா, நிண்டு போச்சா. பொதுவா மூண்டில ஒண்டுதான் வரும்.

படபடப்பு நிலையில மூச்சு மேல், தோள் காதுக்குக் கிட்ட, யோசனை நிக்காம ஓடும், ஒரு இடத்தில இருக்க ஏலாது. சோர்வு நிலையில உடம்பு பாரம், மூச்சு ஆழமில்லை, ஒண்டிலயும் விருப்பமில்லை, "பிறகு பாப்பம்" எண்டே நாள் போகும். மூண்டாவது விறைச்சுப் போற நிலை, பெரிய பயமோ இழப்போ கண்ட ஆக்களுக்கு வரும், ஒண்டும் உணராது, தன்ன தானே தூரத்தில இருந்து பாக்கிற மாதிரி இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். ஒரே ஆளுக்கு காலமை சோர்வும் இரவில படபடப்பும் வரலாம், அது சகஜம், அதனாலதான் ஒவ்வொரு முறையும் பாக்கச் சொல்லுறன்.

கொப்பியில நீளமா எழுத வேண்டாம். நிலை என்ன, 10க்கு எவ்வளவு, என்ன செய்தனான், முடிஞ்ச பிறகு 10க்கு எவ்வளவு. அவ்வளவுதான்.

படி 3: இடமும் நேரமும்

கொழும்பு ஃபிளாட்டுகளில தனி ரூம் எல்லாம் கிடைக்காது, தெரியும். ஒரு பாய் விரிக்கிற இடமும் ஒரு சுவரும் ஒரு கதிரையும் காணும். கதிரை சில்லு இல்லாததா, ஆடாததா இருக்க வேணும். ரெண்டு துவாய், ஒரு தலகாணி. யோகா மட் காசு குடுத்து வாங்கோணும் எண்டு இல்லை, ஆனா டைல்ஸ் நிலத்தில வெறும் பாய் வழுக்கும், நிண்டு செய்யேக்க பாய விட்டு இறங்கி வெறும் காலோட செய்யுங்கோ.

காலமை அஞ்சரை ஆறுக்குள்ள நல்லம், புழுக்கம் குறைவு, காலி வீதி ஹோர்ன் சத்தமும் தொடங்கியிருக்காது. ஃபேன் போடலாம், நேர முகத்தில அடிக்காம. பிள்ளையள ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்திற அம்மாக்களுக்கு காலமை ஏலவே ஏலாது, அவைக்கு பிள்ளையள் போன பிறகு, தேத்தண்ணிக்கு முன்னம். சாப்பிட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் போகோணும். பதட்டம் உள்ளவை பிளேன்டீயும் கோப்பியும் எத்தின தரம் குடிக்கிறியள் எண்டும் பாருங்கோ, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு விட்டாலே சில பேருக்கு நித்திரை சீராகுது.

எவ்வளவு நேரம்? 15 நிமிசம், ஆனா ஒவ்வொரு நாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒண்டரை மணித்தியாலம் செய்யிறத விட அதுதான் நரம்பு மண்டலத்தப் பழக்கும்.

படி 4: மூச்சு, இதுதான் அடித்தளம்

ஆசனம் ஒண்டும் செய்ய ஏலாத ஆளும் இத செய்யலாம், அதனால இதில கொஞ்சம் நிண்டு சொல்லுறன்.

மூச்ச உள்ள எடுக்கேக்க இதயம் கொஞ்சம் கெதியா அடிக்கும், வெளிய விடேக்க மெதுவாகும். வெளிய விடுற நேரத்த நீட்டினா வேகஸ் எண்ட நரம்பு வழியா உடம்புக்கு "ஆபத்து இல்லை" எண்ட செய்தி போகுது. மனசுக்கு நேர கட்டளை போட ஏலாது, "பயப்படாத" எண்டு சொன்னா பயம் போகாது, ஆனா மூச்ச மாத்த ஏலும், மூச்சு மாறினா மனசு பின்னால வரும். சாதாரணமா நாங்கள் நிமிசத்துக்கு 12ல இருந்து 20 மூச்சு எடுக்கிறம், அத மெல்ல மெல்ல 6க்குக் கொண்டு வாறதுதான் இலக்கு.

கதிரையில இருங்கோ, கால் ரெண்டும் நிலத்தில, முதுகு சாய்ஞ்சாலும் பரவாயில்லை. ஒரு கைய வயித்தில வையுங்கோ. முதல்ல மூச்ச மாத்தாம ஒரு நிமிசம் பாருங்கோ. பிறகு மூக்கால எடுத்து மூக்கால விடுங்கோ, எடுக்கேக்க வயிறு கைய மெல்லத் தள்ளும், விடேக்க உள்ள போகும். மனசுக்குள்ள எண்ணுங்கோ, 3 எண்ணி எடுத்து 4 எண்ணி விடுங்கோ. மூண்டு நாலு நாள் போக 4 எடுத்து 6 விடுங்கோ, ஒரு எண் ஒரு செக்கன் எண்டு வைச்சா 10 செக்கனுக்கு ஒரு மூச்சு, நிமிசத்துக்கு 6. அஞ்சு நிமிசம் செய்யுங்கோ.

இதில நிறையப் பேர் செய்யிற பிழை ஒண்டு இருக்கு, "ஆழமா எடு" எண்டு கேட்டு நெஞ்சு முட்ட முட்ட இழுக்கிறது. பெரிய பெரிய மூச்சா இழுத்தா ரத்தத்தில காபனீரொட்சைட் குறையும், தலை சுத்தும், விரல் நுனி விறுவிறுக்கும், படபடப்பு உள்ள ஆள் உடன "ஐயோ எனக்கு என்னமோ ஆகுது" எண்டு பயந்திடுவார். மூச்சு மெதுவா இருக்கோணும், பெரிசா இருக்கத் தேவையில்லை, பக்கத்தில இருக்கிறவருக்குக் கேக்காத அளவு மென்மையா. மூச்ச அடக்கி வைக்கிற கும்பகம் இப்ப வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுகள யூடியூப்பில பாத்துச் செய்யிறது பதட்டக்காரருக்கு நெருப்பில எண்ணெய் ஊத்திற வேலை, விடுங்கோ.

மூச்சக் கவனிச்சாலே பயம் வருது எண்டு சில பேர் சொல்லுவினம். அவைக்கு பிராமரி நல்லா ஒத்துவரும், மூக்கால எடுத்து, வாய மூடி "ம்ம்ம்" எண்டு வண்டு ரீங்காரம் மாதிரி விடுறது. சத்தத்தில கவனம் போறதால மூச்சுப் பற்றின பயம் வராது, வெளிமூச்சு தானா நீளும், எண்ணத் தேவையில்லை. காதப் பொத்தாம, கண்ணத் திறந்துகொண்டே செய்யலாம், 6 தரம் 8 தரம் காணும். கோயிலில ஓங்காரம் சொல்லிப் பழகினவைக்கு அதின்ட "ம்" பகுதிய நீட்டிச் சொன்னா அதே பலன், மற்ற மதத்தாக்கள் வெறும் ரீங்காரமாச் செய்யலாம், இதில சமயக் கட்டாயம் ஒண்டும் இல்லை.

படி 5: படபடப்பு நிலைக்கு

படபடக்கிற ஆள நேர சவாசனத்தில படுக்க வைக்கிறது பிழை. உடம்பு ஓடத் தயாரா நிக்குது, அத படுக்கச் சொன்னா யோசனை இன்னும் கூடும். முதல்ல அந்த சக்திய செலவழிக்கோணும்.

ரெண்டு நிமிசம் நிண்ட இடத்திலயே நடவுங்கோ, கைய நல்லா வீசி. பிறகு கால கொஞ்சம் அகட்டி நிண்டு, மூச்சு எடுக்கேக்க கை ரெண்டையும் பக்கவாட்டால மேல தூக்கி, விடேக்க இறக்குங்கோ, 8 தரம், முதல் நாலு கொஞ்சம் வேகமா, கடைசி நாலு மெதுவா. இனி கதிரைக்கு முன்னால நிண்டு, முழங்கால லேசா மடிச்சு, ரெண்டு கையையும் கதிரையின்ட முதுகில வைச்சு இடுப்பில இருந்து முன்னுக்குக் குனியுங்கோ, தலை கைகளுக்கு நடுவில, அஞ்சு மூச்சு. நிலத்துக்கு வந்து நாலு காலில நிண்டு பூனை மாதிரி, மூச்சு விடேக்க முதுக வளைச்சுத் தூக்கி, எடுக்கேக்க நேராக்கி, 8 தரம். முழங்கால் நோ உள்ளவை இத கதிரையில இருந்துகொண்டே கை ரெண்டையும் தொடையில வைச்சுச் செய்யலாம்.

பிறகு குழந்தை ஆசனம், முழங்கால மடிச்சு இருந்து முன்னுக்குச் சாய்ஞ்சு நெத்திய தலகாணியில வைக்கிறது. நெத்திக்குக் கீழ ஒரு தாங்கல் இருக்கிறது முக்கியம், அந்தரத்தில தொங்கினா கழுத்து ஆறாது. 10 மூச்சு. கடைசியா மல்லாக்கப் படுத்து கெண்டைக்கால் ரெண்டையும் கதிரையின்ட இருக்கிற பகுதியில தூக்கி வையுங்கோ, முழங்கால் செங்கோணமா மடிஞ்சிருக்கும். வயித்தில மடிச்ச துவாய் ஒண்டு, அந்தப் பாரம் மூச்சக் காட்டித்தரும். 4 எடுத்து 6 விட்டு அஞ்சு நிமிசம்.

கோபம் அடங்காம இருக்கிற நாளில இதே வரிசைதான், ஆனா நடக்கிறதுக்குப் பதிலா சுவரத் தள்ளுங்கோ. ரெண்டு உள்ளங்கையையும் சுவரில வைச்சு, மூச்சு விட்டு விட்டு முழுப் பலத்தோட தள்ளி, எடுக்கேக்க தளத்துங்கோ.

படி 6: சோர்வு நிலைக்கு

இங்க கஷ்டமான பகுதி தொடங்கிறதுதான். எழும்பி பாய விரிக்கிறதே மலை மாதிரித் தெரியும், அதனால கட்டிலிலயே தொடங்குங்கோ. படுத்தபடி மூச்சு எடுத்து கை ரெண்டையும் தலைக்கு மேல கொண்டு போய் உடம்ப நீட்டி, விட்டு இறக்குங்கோ, 6 தரம். முழங்கால மடிச்சு பாதத்த ஊண்டி, மூச்சு எடுத்து இடுப்பத் தூக்கி, விட்டு இறக்குற சேதுபந்தம் 6 தரம். இவ்வளவும் செய்தா எழும்பி இருக்கிற அளவுக்கு உடம்பு முழிக்கும். அண்டைக்கு இவ்வளவுதான் ஏலுமெண்டா இவ்வளவே பயிற்சி, கொப்பியில எழுதி வைச்சிடுங்கோ.

ஏலுமெண்டா யன்னலுக்குக் கிட்டப் போங்கோ. காலமை வெயில் கிழக்கால, கடலுக்கு எதிர்ப்பக்கமிருந்துதான் வரும், கடற்கரைப் பக்கம் பாத்த ரூம்களுக்கு அந்த நேரம் வெளிச்சம் குறைவு, அதனால விறாந்தையோ மொட்டைமாடியோ பரவாயில்லை. கண்ணத் திறந்து வைச்சிருங்கோ. மூச்சு இங்க 4 எடுத்து 4 விடுறது, வெளிமூச்ச நீட்ட வேண்டாம், நீட்டினா இன்னும் அமந்து போவியள். நிண்டு கை தூக்குறது, ஒரு கால முன்னுக்கு வைச்சு முழங்கால மடிச்சு நிக்கிற வீரபத்திராசனம் ரெண்டு பக்கமும் அஞ்சு மூச்சு, குப்புறப் படுத்து நெஞ்சத் தூக்குற புஜங்காசனம் 4 தரம். உடம்பு ஒத்துழைச்சா சூரிய நமஸ்காரம் ரெண்டு சுத்தோட தொடங்கி கிழமைக்கு ஒண்டாக் கூட்டி ஆறு மட்டும் போகலாம். நெஞ்சு விரியிற, முதுகு நிமிர்ற ஆசனங்கள்தான் இங்க முக்கியம். கடைசியில சவாசனத்த ரெண்டு நிமிசத்தோட முடிச்சிடுங்கோ, அரை மணித்தியாலம் படுத்தா பழைய கிடங்குக்குள்ளயே திரும்பி விழுந்த மாதிரித்தான் இருக்கும்.

தனியச் செய்ய ஏலாட்டி ஆரையும் சேத்துக்கொள்ளுங்கோ. அக்காவோ சிநேகிதியோ வாட்ஸ்அப் வீடியோ கோலில இருந்து ரெண்டு பேருமாச் செய்தாலும் சரி.

துக்கம் வேற. வீட்டில சாவு நடந்து அந்தியேட்டி முடிஞ்சு சனம் எல்லாம் போன பிறகுதான் வெறுமை தெரியத் தொடங்கும், அது வருத்தம் இல்லை, அத விரட்டப் பயிற்சி செய்யத் தேவையில்லை. கால கதிரையில வைச்சுப் படுத்திருக்கேக்க அழுகை வந்தா அழுங்கோ, மூச்ச மட்டும் நிப்பாட்டாம விடுங்கோ.

படி 7: விறைச்சுப் போற நிலைக்கு

எங்கட ஆக்களில எத்தினையோ பேர் சண்டைக் காலத்த உடம்பில வைச்சுக்கொண்டுதான் கொழும்பில இருக்கினம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கம் இன்னும் பயத்தோட இருக்கிற குடும்பங்களும் இருக்கு. இவைக்கு யோகா குடுக்கேக்க நல்ல நோக்கத்தோட செய்யிறதும் காயப்படுத்தலாம்.

என்னட்ட வந்த ஒரு அம்மா, பிள்ளையள் எல்லாம் கனடாவில, ஃபிளாட்டில தனிய இருக்கிறா. கண்ண மூடிப் படுங்கோ எண்டு முந்தி ஒரு இடத்தில சொன்னவை எண்டும் ரெண்டு நிமிசத்தில உடம்பெல்லாம் நடுங்கி எழும்பி ஓடி வந்திட்டன் எண்டும் சொன்னா. அவாவ நான் படுக்க வைக்கேல்லை. கதவப் பாத்தபடி கதிரையில இருத்தி, கண் திறந்தபடி, காலால நிலத்த அமத்தச் சொன்னன், குதி, பெருவிரல், பிறகு முழுப் பாதம். ரூமில இருக்கிற நீல நிறச் சாமான் மூண்டச் சொல்லுங்கோ எண்டு கேட்டன். கரையோர ரெயில் போகேக்க யன்னல் கண்ணாடி அதிரும், முதல் நாள் அந்தச் சத்தத்துக்கே தோள் குலுங்கினது. பிறகு அந்தச் சத்தத்தையே பயிற்சியாக்கினம், தூரத்தில தொடங்கி, கிட்ட வந்து, பம்பலப்பிட்டிப் பக்கம் கரைஞ்சு போறது மட்டும் கேட்டுக்கொண்டு காலால நிலத்த அமத்திறது. சத்தம் வந்தது, போச்சு, நான் இஞ்ச இருக்கிறன் எண்டு உடம்பு மெல்ல மெல்லப் படிச்சது. கன நாள் கழிச்சுத்தான் படுக்கவே கேட்டா, அதுவும் கதவத் திறந்து வைச்சுக்கொண்டு.

நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ. கண் திறந்திருக்கட்டும், முதுகுக்குப் பின்னால சுவர் இருக்கட்டும், ஒரு தரத்தில அஞ்சு நிமிசத்துக்கு மேல வேண்டாம். உள்ளங்கை ரெண்டையும் ஒண்டோடொண்டு அமத்திறது, சுவரத் தள்ளுறது, தொடைய கையால தட்டிக்கொடுக்கிறது மாதிரி தசை வேலை செய்யிற பயிற்சிகள் உடம்பத் திரும்ப உணர வைக்கும். பழைய காட்சி கண்ணுக்கு முன்னால வந்தா உடன நிப்பாட்டி, முகம் கழுவி, வீட்டில ஆரோடயும் கதையுங்கோ. இந்த நிலை மாதக்கணக்கா நிண்டா கவுன்சிலிங் தெரிஞ்ச ஆளோட சேந்துதான் போகோணும், யோகா துணைக்கு மட்டும்.

இரவு நித்திரைக்கு

படுக்கப் போக அரை மணித்தியாலம் முன்னம் ஃபோன வேற ரூமில வையுங்கோ. கால் ரெண்டையும் கதிரையிலயோ கட்டில் விளிம்பிலயோ தூக்கி வைச்சு பத்து நிமிசம், 4க்கு 6 மூச்சு. பிறகு கட்டிலில யோகநித்திரை, வலது கைப் பெருவிரலில தொடங்கி உடம்பின்ட ஒவ்வொரு பகுதியா மனசால தொட்டுக்கொண்டு போறது, பிஹார் யோகப் பள்ளியின்ட சத்யானந்த சரஸ்வதி ஒழுங்குபடுத்தின முறை. விறைச்சுப் போற நிலை உள்ளவை இத விட்டிட்டு பிராமரியோட நிப்பாட்டுங்கோ. நடுச்சாமத்தில முழிப்பு வந்து இருபது நிமிசத்துக்கு மேல நித்திரை வராட்டி கட்டிலில புரளாம எழும்பி கதிரையில இருந்து மூச்சு எண்ணி, நித்திரை வாற மாதிரி இருந்தா கட்டிலுக்குத் திரும்பப் போங்கோ.

பஸ்ஸிலயும் ஆபிஸிலயும்

100ம் நம்பர் பஸ்ஸில நெரிசலுக்குள்ள திடீரெண்டு நெஞ்சடைக்கிற மாதிரி வந்தா மூச்ச உள்ள இழுக்கப் பாக்க வேண்டாம், முதல்ல வெளிய விடுங்கோ. வாயக் குவிச்சு மெழுகுதிரி ஆடுற மாதிரி மெல்ல, நீளமா. பிறகு கம்பியப் பிடிச்ச கைய இறுக்கி அஞ்சு எண்ணித் தளத்துங்கோ. யன்னலுக்கு வெளிய கடைப் போட் ஒவ்வொண்டா வாசியுங்கோ. பதட்டத்தின்ட அலை பொதுவா பத்து நிமிசத்துக்குள்ள உச்சிக்குப் போய் இறங்கும், அது தெரிஞ்சாலே பாதிப் பயம் குறையும். ஆனா முதல் தரமா நெஞ்சு நோ வந்து கை, தாடைக்குப் பரவினா அத பதட்டம் எண்டு நீங்களே முடிவெடுக்காம உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

ஆபிஸில மீட்டிங்குக்கு முன்னம் வோஷ்ரூம் போய் சுவரத் தள்ளி ஆறு மூச்சு, மேசையில இருந்தபடி கால அமத்தி நாலு மூச்சு, ஒருத்தருக்கும் தெரியாது.

ஆசிரியர் தேடுறது

கொழும்பு 7ல இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின்ட சுவாமி விவேகானந்தா கலாசார நிலையத்தில யோகா வகுப்பு நடக்குது, அடிப்படை பழக நல்ல இடம். அது போக வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனையில தனியாப் படிப்பிக்கிறவை நிறைய. மனசுக்காகப் போறியள் எண்டா காசு கட்ட முதல் சிலத கேளுங்கோ. முதல் நாள் என்ர மருந்து, வருத்தம் பற்றி தனியக் கேப்பியளா? தொடாமல் சொல்லித் தருவியளா? எனக்கு வேண்டாமெண்டா ஒரு பயிற்சிய விடலாமா? டொக்டரோட கதைக்கத் தயாரா? இதுக்கு முகம் சுழிக்கிற ஆளிட்ட போக வேண்டாம். "மருந்த விடு, யோகாவே மாத்தும்" எண்டு சொல்லுற ஆள் எவ்வளவு பேர் பெற்றவரா இருந்தாலும் அண்டைக்கே வெளிக்கிடுங்கோ. உங்கட பாஷையில கதைக்கிறவரா இருக்கிறதும் முக்கியம், மனசில உள்ளத சிங்களத்திலயோ இங்கிலிஷிலயோ தட்டுத் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருக்கேக்க தோள் இறுகித்தான் இருக்கும்.

எவ்வளவு நாளில தெரியும்?

மூச்சின்ட பலன் அண்டைக்கே கொஞ்சம் தெரியும், ஆனா நிக்காது. ரெண்டு மூண்டு கிழமையில நித்திரை, எரிச்சல் இதுகளில மாற்றம் தெரியத் தொடங்கும், அத வீட்டுக்காரர்தான் முதல் காணுவினம். மேல சொன்ன ஆய்வுகளும் 12 கிழமைக் கணக்குத்தான். இடையில நாலு நாள் விட்டுப் போனா அஞ்சாம் நாள் விட்ட இடத்தில இருந்து தொடங்குங்கோ, விட்டதுக்குச் சேத்து இரட்டிப்பாச் செய்ய வேண்டாம்.

ஆறு கிழமை ஒழுங்காச் செய்தும் கொப்பியில 10க்கு போடுற இலக்கம் அசையேல்லை எண்டாலோ, கூடிக்கொண்டு போகுது எண்டாலோ, அந்தக் கொப்பியத் தூக்கிக்கொண்டு டொக்டரிட்டப் போங்கோ. எந்த நேரம் கூடுது, எத்தின மணித்தியாலம் நித்திரை, எந்தக் குளிசைக்குப் பிறகு மாறினது எண்டு அதில இருக்கிற விபரத்த வைச்சு அவர் மருந்தச் சரிபண்ணுவார், நீங்களும் அஞ்சு நிமிசத்துக்குள்ள எல்லாத்தையும் ஞாபகப்படுத்திச் சொல்ல அந்தரப்படத் தேவையில்லை.